போன தடவை மாதிரியே

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த நாலாவது மாதம். ஐரோப்பிய பையருக்கு நேவி டி-ஷர்ட் ஆர்டர். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, சாயத்துக்குப் போக வேண்டியது 600 கிலோ. இரண்டாவதாக அனுப்பிய லேப் டிப்பில், அதாவது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துண்டுகளில், 'பி' ஓகே என்று காலையில் மெயில் வந்தது. ஒரு கையில் டீ கிளாஸோடு சாயப்பட்டறை மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"மாஸ்டர், நேவிக்கு ஓகே வந்துருச்சு. போன தடவை மாதிரியே ஏத்திருங்க."

"சரிங்க தம்பி."

"புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க."

நான் சொன்ன போன தடவை, கடைசியாக அனுப்பிய லேப் டிப். அவருக்குப் போன தடவை என்றால் போன சீசன் ஆர்டர். அதே பையர், அதே நேவி, ஆனால் நன்றாக அடர்ந்த நேவி. மறுநாள் துணி வந்தபோது டியூப்லைட்டில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில், ஒப்புதலான துண்டை அதன் மேல் வைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

வெளிர் சாயமென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடலாம். அடர்ந்ததை இறக்க ஸ்ட்ரிப்பிங், அதாவது ஏறிய சாயத்தை உரித்தெடுக்கும் வேலை, செய்ய வேண்டும், துணி பலம் போய்விடும். போதாததற்கு, சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்ட வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு வேறு தலைக்கு மேல் நிற்கிறது. முதலாளி புதுத் துணியே ஓட்டச் சொல்லிவிட்டார். தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கில் பாதி விமானத்தில் போனது. அந்தக் கணக்கை எழுத மனசில்லை.

சண்டை போடத்தான் பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் டவுட்டுத்தானுங்க தம்பி. போன வாரம் துணி அகலம், டயா எவ்வளவுன்னு கேட்டதுக்கு, 'மெயிலப் பாருங்க மாஸ்டர்'னு போனை வெச்சுட்டீங்க. இங்கிலீஷ் மெயில நான் எங்கீங்க படிக்கிறது? மறுபடி கேக்கக் கூச்சமாப் போச்சு."

போட வந்த சண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்து 'சரிங்க' லேசுப்பட்ட வார்த்தை இல்லை. காதில் விழுந்தது என்பதற்கும் சரிங்கதான், ஒத்துக்கொண்டேன் என்பதற்கும் சரிங்கதான், போதும் ஆளை விடு என்பதற்கும் அதேதான். முகத்தைப் பார்த்தால் எது என்று தெரியும், போனில் தெரியாது. அதுவும், தன் வயதில் பாதிகூட இல்லாத பையன் "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அப்புறம் ஒப்புதலான துண்டை கார்டில் பின் அடித்து நானே பட்டறைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் ஆகாதா என்று ஆபீசில் கேலி. ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு நேவி தெரியும், அது அவர்களுக்கும் தெரியும். புரிந்ததா என்று கேட்பதையும் விட்டேன். "எந்த மெஷின்ல ஏத்துறீங்க மாஸ்டர், எந்தத் துண்டப் பாத்து?" என்று கேட்டால், அவரே எல்லாவற்றையும் ஒரு முறை சொல்லிவிடுவார்.

சில வாரம் கழித்து ஒரு ராத்திரி, பதினோரு மணிக்குப் போன்.

"தம்பி, தூங்கிட்டீங்களா? கார்டுல ரெண்டு துண்டு இருக்குதுங்க. மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

எரிச்சல் நாக்கு நுனி வரை வந்தது. "கீழ இருக்கறதுங்க மாஸ்டர்."

"கீழ இருக்கறது. கொஞ்சம் சாம்பல் அடிக்குதே, அதுதானுங்களே?"

"அதேதாங்க."

"சரிங்க."