30031

அக்காவின் மகள் தரம் 10இல் படிக்கிறாள். வகுப்புக் கணக்குகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உயர்தர இணைந்த கணிதத்தை இப்போதே தொடங்கச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருகிறார்கள். வகையீட்டுச் சூத்திரங்களை முந்தி மனனம் செய்து என்ன பயன்? நான் நிறுவல்களைக் கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை யாழ். பொது நூலகத்தில், முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் நிறுவிய வழியைப் படித்தோம். 2 முதல் வரிசையாக முதன்மை எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எப்போதும் முதன்மை எண்தான் வரும் என்று அவள் அடித்துச் சொன்னாள். 7, 31, 211, 2311 எல்லாம் அவள் பக்கமே நின்றன. 13 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. வீட்டுக்கு வந்தும் கொப்பியை விடவில்லை. 13 வரை எந்த முதன்மை எண்ணால் வகுத்தாலும் மீதி 1 என்பதால், 17இல் தொடங்கி வகுத்துக்கொண்டே போனாள். புட்டு ஆறிப்போய், அக்கா ஏசத் தொடங்கிவிட்டார்.

“மாமா, 59 தர 509!”

தான் சொன்னது பிழை என்று இவ்வளவு மகிழ்ச்சியோடு கத்திய பிள்ளையை நான் கண்டதில்லை. அப்படியென்றால் யூக்ளிட் பிழையா என்று உடனே கேட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அவளே சொன்னாள்: இந்த இரண்டும் நாங்கள் பெருக்கிய பட்டியலில் இல்லாத புதிய முதன்மை எண்கள்; எந்தப் பட்டியலுக்கும் வெளியே இன்னொரு முதன்மை எண் இருக்கும் என்பதுதானே யூக்ளிட் சொன்னது.