கழிக்க வேண்டியது இரண்டு

மே 26

கோப்பைத் திறந்தால் மூட மனம் வரவில்லை. ஏஆர்எம்7, ஏஆர்எம்9 என்ற இரண்டு ப்ராசஸர் கோர் வகைகளுக்கும் பொதுவானதை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்றுதான், ஓடுகிற சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஓப்பன்ஓசிடி டிபக்கரை எழுதியவர்கள் எழுதினார்கள். அந்த மென்பொருளின் எங்கள் கிளையில் யாரோ அந்தப் பொதுக் கோப்பைப் பிரதி எடுத்து இரண்டாக்கி, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்தியிருக்கிறார்கள். இங்கே சரி செய்தது அங்கே இல்லை. அங்கே சேர்த்தது இங்கே இல்லை.

ப்ராசஸர் எந்த மோடில் நிற்கிறது என்று பார்க்கும் கோட் துண்டு, ஸ்விட்ச், ஒவ்வொரு கோப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது. யூசர், எஃப்ஐக்யூ, ஐஆர்க்யூ, சூப்பர்வைசர், அபார்ட், அன்டிஃபைன்ட், சிஸ்டம். ஒரு பிரதியில் சிஸ்டம் மோடையே காணோம். அந்த மோடில் சிப் நின்றால் "தெரியாத மோடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறதோ.

எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்துத் தொடர்வீட்டின், பின்சுவரில் விரிசல் முடிகிற இடத்தில் அப்பா பென்சிலால் புதுக் கோடு போட்டிருக்கிறார்.

மே 27

மழை. கரண்ட் இல்லை.

மே 28

ஸ்விட்ச் எல்லாம் போய் ஒரே அட்டவணை வந்துவிட்டது. காலையிலிருந்து தாளில் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். சிப்புக்குள் மதிப்புகளை வைக்கும் ரெஜிஸ்டர் மொத்தம் 37: பொதுப் பாவனைக்கு 31, நிலை காட்ட 6. எஃப்ஐக்யூவுக்கு மட்டும் ஆர்8இலிருந்து ஆர்14 வரை சொந்தமாக ஏழு. ஐஆர்க்யூ, சூப்பர்வைசர், அபார்ட், அன்டிஃபைன்ட் நாலுக்கும் ஆர்13, ஆர்14 மட்டும். சிஸ்டம் மோடு யூசரின் ரெஜிஸ்டர்களையே எடுத்துக்கொள்ளும், பழைய நிலையைச் சேமிக்கும் எஸ்பிஎஸ்ஆர் கிடையாது. இதையெல்லாம் வரிசையாக அட்டவணையில் எழுதியதும் எங்கே ஓட்டை என்று கண்ணுக்கே தெரிகிறது. ஸ்விட்சுக்குள் இருந்தபோது தெரியவே இல்லை.

சாயங்காலம் அப்பாவோடு லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஓடும் கான் முழுக்க மண். மேலே கொழுந்து மலையிலிருந்து வருகிற தண்ணீர் கலங்கலாக வருகிறது. "நேத்து தெளிவாத்தான் வந்துச்சு பாப்பா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மே 29

கிராம சேவகர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார். எங்கள் லயத்தில் எல்லாக் காம்பராவும், ஒவ்வொரு குடும்பத்தின் அறையும், மண்சரிவு ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனமாக இருக்க வேண்டும், 100 என்றால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு அது. அம்மா கேட்டார்: "ராத்திரி தூங்கும்போது 150 ஆச்சுன்னா யாரு வந்து சொல்லுவா?" நல்ல கேள்வி. கிராம சேவகரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. ஜன்னல் இன்னும் வரவில்லை. 7 பேர்ச் காணி. அம்மா ஏற்கனவே எங்கே கறிவேப்பிலை வைப்பது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

மே 30

இன்றைக்கு முழுக்க ஒரே ஓர் எண்ணோடு போனது.

சிப் ஓடிக்கொண்டிருக்கிறது. டிபக்கர் நிறுத்துகிறது. நின்றதும், எந்தக் கட்டளையில் இருக்கிறது என்று வைத்திருக்கும் ப்ரோக்ராம் கவுண்டரை (பிசி) படித்தால் அது நின்ற இடத்தைக் காட்டாது, கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும் பைப்லைன் காரணமாக முன்னால் போயிருக்கும். அதனால் சில கட்டளைகளின் அளவைக் கழித்துத்தான் உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பே குறித்து வைத்த இடத்தில், பிரேக்பாயின்ட்டில், நின்றால் ஏஆர்எம்7, ஏஆர்எம்9 இரண்டுக்கும் 3 கழிக்கிறோம். ஆனால் டிபக்கர் டிபிஜிஆர்க்யூ என்ற சிக்னலைப் போட்டு வெளியிலிருந்து நிறுத்தினால் ஏஆர்எம்9க்கு அதே 3, ஏஆர்எம்7க்கு மட்டும் 2.

ஒன்றுதான் வித்தியாசம். கட்டளை ஒன்றுக்கு 4 பைட், சின்னக் கட்டளைகள் ஓடும் தம்ப் நிலையில் 2 பைட்.

எங்கள் கிளையில் இந்த 2 வெறும் எண்ணாக, பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல் கிடக்கிறது. ரிவியூவில் வந்த குறிப்பு: "இரண்டையும் 3 ஆக்கிவிட்டால் ஒரே ஃபங்ஷன் போதும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறது." டெஸ்ட் பாஸ் ஆகத்தான் செய்யும். 2க்குப் பதில் 3 கழித்தால் பிசி ஒரு கட்டளை பின்னுக்குப் போகும். திரும்ப ஓட விட்டால் ஏற்கனவே செய்து முடித்த கட்டளையை இன்னொரு தடவை செய்யும். அது ஒரு மதிப்பை ரெஜிஸ்டரில் வைக்கிற கட்டளை என்றால் இரண்டு தடவை வைத்தாலும் அதே மதிப்புத்தான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கூட்டல் என்றால் இரண்டு தடவை கூட்டிவிடும். எதுவும் நின்று போகாது, எரர் வராது. ஒரு கணக்கு மட்டும் தப்பாகிப் போகும். அதை யார் டிபக்கரில் போய்த் தேடுவார்கள்? தங்கள் ப்ரோக்ராமில்தான் தேடுவார்கள். நாள்கணக்கில் தேடுவார்கள்.

அதோடு, அந்த வழியில் நிறுத்துவது ஏஆர்எம்7இல் தானாக ஆனாகி இருக்காது. நாமாக ஆன் செய்ய வேண்டும். சும்மா ஓட்டுகிறவர் யாரும் அந்த வரியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். எங்கள் போர்டுகளில் ஆன் செய்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் இந்த சிப்பில் எங்கே நிறுத்துவது என்று கவனிக்கும் வாட்ச்பாயின்ட் யூனிட் இரண்டே இரண்டு. பிரேக்பாயின்ட்டுக்கென்றே உள்ள பிகேபிடி கட்டளை ஏஆர்எம்வி5 என்ற பதிப்பில்தான் வந்தது, இது வி4டி. அதனால் சாஃப்ட்வேர் பிரேக்பாயின்ட் போடவே ஒரு யூனிட் போய்விடும். நிறுத்துவதற்கும் மிச்ச ஒன்றைக் கடன் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

இரவு பத்தரை. கூரையில் மழைச் சத்தம் அதிகமாகிறது. மூன்றில்லை, இரண்டு. இதை எப்படிக் காட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

மே 31

ரிவியூ செய்கிற அண்ணா போன் எடுத்தார். "தங்கச்சி, 1994இல வந்த கோர் அது. இப்ப யாரு வச்சிருக்காங்க?" நான் வச்சிருக்கேன் அண்ணா, என்றேன்.

ஜூன் 1

யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவருக்காக எழுதி வைக்கிறேன். கொழுந்து வாட்டும் மாடியில் விசிறிகளை ஓட்டும் போர்டு அது. அதன் மேல் இருக்கும் ஏஆர்எம்7 சிப் ஏடி91எஸ்ஏஎம்7எஸ்256. உள்ளே 256 கிலோபைட் ஃப்ளாஷ், 64 கிலோபைட் ரேம். செய்து கொடுத்தவர்கள் இப்போது தொழிலில் இல்லை. சோர்ஸ் கோட் எங்கேயும் இல்லை. சிப்புக்குள் இருப்பதுதான் ஒரே பிரதி. செக்யூரிட்டி பிட்டைப் போடாமல் விட்டிருக்கிறார்கள், அதற்கு அவர்களை வாழ்த்த வேண்டும். போட்டிருந்தால், டிபக்கர் சிப்போடு பேசும் ஜேடேக் இணைப்பு வழியாக ஒன்றும் படிக்க முடியாது. அதை எடுக்க ஒரே வழி இரேஸ் பின், அது ஃப்ளாஷ் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் திறக்கும்.

கொழுந்தை வாட்டும்போது ஈரம் எவ்வளவு போகிறது என்பதில் தூளின் தரமே இருக்கிறது. விசிறி எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு அந்தப் போர்டில் ஒரு கூட்டல் கட்டளை. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். நான் 2 என்று பிடிவாதமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

சாமான் கட்டத் தொடங்கினோம். பித்தளைக் குடம், அப்பாயியின் படம், தம்பியின் சான்றிதழ் ஃபைல், என் சால்டரிங் அயன். ஜேடேக் அடாப்டரைச் சட்டைத் துணியில் சுற்றி வைத்தேன்.

ஜூன் 2

இரவு ஒன்றே முக்காலுக்குப் பாடசாலைக்கு வந்தோம். எல்லோரும் வந்தாயிற்று. அப்பா கடைசியாகத்தான் வந்தார். டோர்ச்சை அடித்துச் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "கோட்டைத் தாண்டிருச்சு" என்றார்.

ஜூன் 3

மேல் கொத்மலையில் வான்கதவு திறந்திருக்கிறார்களாம். தலவாக்கலையில் சித்தி வீட்டுக்குப் போன் எடுத்தால் விழவில்லை.

மூன்றாம் வகுப்பறையில் இருக்கிறோம். சுவரில் பெருக்கல் வாய்பாடு. தம்பி பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கேரம் விளையாட்டுக் காட்டுகிறான். பரிமாறுகிற சோறு போதுமாக இருக்கிறது. பால்மா இல்லை. எதிர்த்த காம்பரா அக்கா கைக்குழந்தையோடு இருக்கிறார், அவருக்குத்தான் கஷ்டம்.

யாரிடமும் பேசத் தோன்றவில்லை. கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. வருஷா வருஷம் இந்த மலையில் இதே மாதத்தில் இதே மழைதான். வீடு கட்டி முடிக்க மட்டும் மாதம் கிடைக்கவில்லை.

ஜூன் 4

சித்தி பேசினார். நன்றாக இருக்கிறார்கள்.

லெப்டொப்பில் சார்ஜ் இருக்கும்வரை தம்ப் நிலையிலிருந்து வெளியே வரும் பகுதியைப் பார்த்தேன். சிப் தம்ப் நிலையில் நின்றால் டிபக்கர் முதலில் அதை ஏஆர்எம் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆர்0ஐ வெளியே எடுத்துக் காப்பாற்று, பிசியை ஆர்0க்குக் கொண்டுவா, அதையும் வெளியே எடு, பிறகு நிலையை மாற்றும் பிஎக்ஸ் கட்டளை. இந்த வரிசை மாறக் கூடாது. ஆர்0 போனால் ஓடிக்கொண்டிருந்த ப்ரோக்ராமின் ஒரு மதிப்பு போய்விட்டது, திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு கட்டளையையும் ஸ்கேன் செயினில், ஜேடேக் வழியாகப் பிட் பிட்டாக, தள்ளித்தான் கொடுக்கிறோம். ஏஆர்எம்7இல் அது 33 பிட்: 32 பிட் டேட்டா, ஒரு பிரேக்பாயின்ட் பிட். ஏஆர்எம்9இல் 67, ஏனென்றால் அங்கே கட்டளைக்கும் டேட்டாவுக்கும் தனித்தனி பஸ். இந்த இரண்டையும் ஒரே ஃபங்ஷனாக்கச் சொன்னால் மாட்டேன் என்பேன். இது பிரதி இல்லை, வன்பொருளே வேறு. எது பிரதி, எது உண்மையில் வேறு என்று பிரித்துத் தெரிந்துகொள்வதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. வரிகளைக் குறைப்பது பிறகு.

ஜூன் 5

காட்டும் வழி கிடைத்துவிட்டது!

சின்ன ப்ரோக்ராம். ஆர்0ஐச் சுழியமாக்கு. எட்டு தடவை ஒன்று ஒன்றாகக் கூட்டு. எட்டுதானா என்று பார். இல்லையென்றால் தனி இடத்துக்குத் தாவி அங்கேயே நில். சரியென்றால் முதலிலிருந்து. இதை ரேமில், 00200000 முகவரியிலிருந்து ஏற்றி ஓட விடு. டிபக்கர் நினைத்த நேரத்தில் நிறுத்தும், ஓட விடும், நிறுத்தும், ஓட விடும். கழிக்கும் எண் சரியென்றால் அந்தத் தனி இடத்துக்கு அது ஒருநாளும் போகாது. ஒரு கூட்டல் இரண்டு தடவை நடந்தாலே ஒன்பது வந்து மாட்டிக்கொள்ளும்.

பாடசாலையில் கரண்ட் வந்ததும் அதிபர் சார் தன் அறையில் மேசை கொடுத்தார். சுற்றி வைத்த துணியைப் பிரித்து எடுத்தேன். இந்த சிப் ரீசெட் ஆனதும் 32 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஓடும், அதனால் ஜேடேக்கையும் ஆமை வேகத்தில் தொடங்கி, சிப்பைத் தானாக ரீசெட் செய்துவிடும் வோட்ச்டோகை நிறுத்தி, 18.432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு மாற்றிய பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும். சிப்பின் அடையாள எண்ணான ஐடிகோட் வந்தது: 3எஃப்0எஃப்0எஃப்0எஃப். அதைப் பார்த்ததும் கண் கலங்கியது. ஏன் என்று தெரியவில்லை, தூக்கமில்லாததாக இருக்கலாம்.

3 வைத்து ஓட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே மாட்டியது. ஆர்0இல் 9.

2 வைத்து ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 6

அப்பாவுக்குக் காய்ச்சல்.

ஜூன் 7

எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று பயந்தோம். இரத்தம் சோதித்துவிட்டார்கள், அது இல்லை. குளிரும் நனைந்ததும்தானாம். பின்னேரம் கஞ்சி குடித்தார். குடித்ததும் முதல் கேள்வி லயத்தைப் பற்றி. பின்சுவர் போய்விட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஐந்தாறு காம்பராவில் பின்பக்கமே இல்லையாம்.

இன்று கோட் எழுதவில்லை.

ஜூன் 8

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். "தெரியும் பாப்பா" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "அந்த மெசின் வேல பாக்குதா?" என்று கேட்டார்.

பேட்சை அனுப்பினேன். அந்த 2க்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது, ஒவ்வொரு கோரும் தனக்குரிய மதிப்பைத் தானே வைத்துக்கொள்கிறது. மேலே ஏன் என்ற விளக்கம், கூடவே அந்த எட்டுக் கூட்டல் டெஸ்ட். பொதுவான பகுதி மறுபடி ஒரே கோப்பில். ஒரு பிரதி முழுசாக அழிந்தது. அண்ணா ஒரே வரி அனுப்பியிருக்கிறார்: "9 வந்ததைப் பார்த்தேன். 2 இருக்கட்டும்."

தம்ப் நிலைக்கும் அதே டெஸ்ட் வேண்டும். ஏஆர்எம்9 போர்டு ஹட்டனில் நண்பரிடம் இருக்கிறது, பாதை திறந்ததும் போய் வாங்க வேண்டும். சாமான் ஏற்ற லொறி நாளை ஏழு மணிக்காம். ஜன்னல் வந்துவிட்டதா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.