நான் செய்த அறிவிப்பு

அன்று அரங்குக்குள் நான் உரக்கச் சொன்னது பொய்யா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. சொன்னது சரிதான் என்று பல நாட்கள் நினைத்திருக்கிறேன். அப்புறம் அந்த அம்மாள் என்னிடம் கேட்டது நினைவுக்கு வரும், மறுபடி முதலிலிருந்து யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

2016ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். மலேசியாவின் பினாங்கில், நான் வேலை பார்த்த திரையரங்கில் ‘ஓயிஜா: ஆரிஜின் ஆஃப் ஈவில்’ என்ற பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையரங்கில் டியூட்டி மேனேஜராக இருப்பவர்களுக்குப் பேய்ப்பட வாரம் எப்படி இருக்கும் என்று தெரியும். கத்துவார்கள், சிரிப்பார்கள், பாதியில் எழுந்து வருவார்கள். அதெல்லாம் பழக்கம்தான்.

அன்று படம் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தது. உள்ளே நின்ற மலாய்ப் பையன் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான். “பாஸ், ஓர் இந்தியப் பெண்...” என்று ஆரம்பித்து மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது அவள் நடைபாதைப் படியில் நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. முடி அவிழ்ந்து கிடந்தது. பல்லைக் கடித்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பினாங்கில் வளர்ந்த தமிழனுக்கு இது என்னவென்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தில் உறுமி மேளம் ஏற ஏற, தண்ணீர்மலை அடிவாரத்தில் எத்தனையோ பேரை இப்படிப் பார்த்து வளர்ந்தவன் நான். அவளுடைய அம்மா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசி, “யாரும்மா வந்திருக்கீங்க, சொல்லுங்கம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

படத்தை நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னேன். இருட்டில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்தது. விளக்கு எரிந்ததும் மொத்த அரங்கும் அவளைத்தான் பார்த்தது. யாரோ மலாயில் “கெனா ராசுக்!” என்று கத்தினார்கள், பேய் பிடித்துவிட்டதாம். ஒரு பெண் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். அப்புறம் கைப்பேசிகள் மேலே வந்தன. ஒன்று, இரண்டு, வரிசை வரிசையாக.

அந்தக் கைப்பேசிகளைப் பார்த்த நிமிடத்தில்தான் முடிவெடுத்தேன். இரவுக்குள் வாட்ஸ்அப்பில் அவள் முகம் எல்லா இடத்துக்கும் போய்விடும், ஓயிஜா படம் பார்த்த பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று ஒரு வரி அதற்குக் கீழே இருக்கும். அவள் படிக்கிற இடத்தில், வேலைக்குப் போகிற இடத்தில், எல்லோரும் பார்ப்பார்கள். நான் முன்னால் போய் நின்று மலாயில் சத்தமாகச் சொன்னேன்: “இவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. இது நோய். தயவுசெய்து யாரும் படம் எடுக்காதீர்கள்.” அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

கைப்பேசிகள் இறங்கின. உண்மையிலேயே இறங்கின. ஒரு சீனப் பெரியவர் தன் மகன் கையில் இருந்ததைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எங்களிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பேய் என்று கத்திய அரங்கு நோயாளியைப் பார்க்கிற அரங்காக மாறிவிட்டது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் பக்கத்து நியாயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தோம். வாக்கியில் கூப்பிட்ட அதே பையன், யாரும் சொல்லாமலேயே, கீழே ஃபூட் கோர்ட்டில் தண்ணீர் கலக்கும் கடைக்கு ஓடி நாலைந்து லிமாவ் வாங்கிவந்தான். மலாய்க்காரர்களிலும் இதற்கெல்லாம் எலுமிச்சை வைக்கிற வழக்கம் உண்டு, அதனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மாள் ஒரு பழத்தை வாங்கி மகள் தலையைச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் அவள் தளர்ந்து, தண்ணீர் கேட்டாள். “ஆம்புலன்ஸ் கூப்பிடவா ஆன்ட்டி?” என்றேன். “வேண்டாம் தம்பி, மலையேறிருச்சு” என்றார்.

அதற்குப் பிறகுதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க தமிழாளுதானே தம்பி?”

“ஆமா ஆன்ட்டி.”

“எம்பொண்ணுக்கு வலிப்புன்னு எப்படிச் சொன்னீங்க?”

நான் கைப்பேசிகளைப் பற்றிச் சொன்னேன். பேய் என்று கத்தினார்கள், அதைத் தடுக்கத்தான் என்றேன். அவர் முழுவதும் கேட்டார்.

“பேய்னு சொன்னவங்க தெரியாம சொன்னாங்க. நீங்க தெரிஞ்சு சொன்னீங்க. எங்க ஊரு நிபோங் தெபால் ஆளுங்க ரெண்டு பேரு உள்ள இருந்தாங்க. நாளைக்கு இவளுக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தா நான் என்ன பதில் சொல்றது?”

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே, எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்குத் தெளிவாக இல்லை. அந்தக் குடும்பம் கிளம்பியது. நான் மறுபடி உள்ளே போய்ப் படத்தைத் தொடரச் சொன்னேன்.

அவர் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் முழுதாக உறைத்தது. என் கணக்கில் பேய் என்பது கெட்ட பெயர், நோய் என்பது பாதுகாப்பு. அவர் கணக்கில் அந்த இரண்டுமே இல்லை. அவர் மகள் மேல் வந்தது அம்மன். அது அந்த வீட்டுக்குப் பெருமை. அந்தப் பெருமையை நான் ஒரு நோயாக மாற்றி, நூறு பேருக்கு முன்னால் அறிவித்திருக்கிறேன். பேய் என்ற பட்டம் ஒரு வாரத்தில் மறந்துபோகலாம், வலிப்பு என்ற பட்டம் நம் ஊர்களில் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் துரத்தும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வலிப்பு வருகிறவர்களை நாம் நடத்துகிற விதம்தான் அசிங்கம், வலிப்பில் அசிங்கம் எதுவும் இல்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தின் விலையை அவள் ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, வேறு என்ன சொல்லியிருக்கலாம்? அருள் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாமா? முதலில் இது நடக்கவே நடக்காது என்றுதான் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால் இது பினாங்கு. இங்கே சீனர்கள் ஒன்பது பேரரசர் திருவிழாவில் தெய்வம் இறங்கியவர்களுக்குப் பின்னால் ஊர்வலம் போகிறார்கள். தைப்பூசத்தன்று தேர் வருகிற வழியெல்லாம் எல்லா இனத்தவரும் நின்று பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீர்ப் போத்தல் பெரியவர் ஒருவேளை எனக்கு முன்பே புரிந்துகொண்டிருக்கலாம். தெருவில் புரிகிற ஒன்று அரங்குக்குள் புரியாது என்று நானாக எப்படி முடிவுகட்டினேன்?

அரங்கு தெரு இல்லை, அதுதான் என் பதில். ஒன்றரை மணி நேரம் ஒரு சிறுமியின் உடம்பில் பிசாசு புகுந்து கொல்வதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், இது வேறு, அது வேறு என்று இரண்டு வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? அந்தப் படத்தின் உலகத்தில் ஒரு மனித உடம்புக்குள் வெளியிலிருந்து எது வந்தாலும் அது கெட்டதுதான். நல்லது வரும் என்ற வழியே அதில் கிடையாது. நம் கோயிலில் வந்திருப்பது யார் என்று முதலில் கேட்போம், காலில் விழுவோம், குறி கேட்போம், அப்புறம் மலையேறச் சொல்வோம்.

அடுத்த விடுமுறை நாளில் படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். கதை 1967இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. கணவனை இழந்த ஒரு தாய், இரண்டு மகள்களையும் வைத்துக்கொண்டு, இறந்தவர்களோடு பேசித் தருவதாகச் சொல்லிப் பிழைக்கிறாள். எல்லாம் ஏமாற்று, மேசையை ஆட்டுவதும் மெழுகுவத்தியை அணைப்பதும் மகள்கள்தான். அந்தத் தொழிலுக்கு ஒரு புதுச் சாமானாக, ஆவியோடு பேச எழுத்துகள் போட்ட ஓயிஜா பலகையை வாங்கி வருகிறாள், சின்ன மகளுக்கு நிஜமாகவே ஏதோ வந்துவிடுகிறது. அந்தப் பலகையைப் பற்றியும் பிறகு கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவின் பால்டிமோரில் ஆரம்பித்து, 1891இல் காப்புரிமை வாங்கிய ஒரு விளையாட்டுச் சாமான். 1966இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற பொம்மை நிறுவனம் அந்த வியாபாரத்தை வாங்கியது. பெட்டியில் போட்டுக் கடையில் விற்றார்கள், குடும்பமாக உட்கார்ந்து விளையாடினார்கள். அதைப் பேயின் வாசலாகப் பெரும்பாலானவர்கள் பார்க்க ஆரம்பித்தது 1973இல் ‘எக்ஸார்சிஸ்ட்’ படம் வந்த பிறகு என்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளி விடுதிகளில் தாளில் எழுத்தெழுதிக் காசை நகர்த்தி ஆவியைக் கூப்பிடுவார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காசை நகர்த்துவது நம் விரல்தான், நமக்குத் தெரியாமல் நம் தசையே அசைக்கிறது. மேசை தானாக நகர்கிறது என்று லண்டனில் நம்பிய காலத்தில், தள்ளுவது உட்கார்ந்திருப்பவர்களின் கைகள்தான் என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1853இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்.

படத்தில் என்னை உலுக்கியது பேய் இல்லை. அந்தத் தாய் தன் ஏமாற்றுக்குச் சொல்லும் நியாயம். துக்கத்தோடு வருகிறவர்கள் ஆறுதலோடு போகிறார்கள், நாம் நல்லதுதான் செய்கிறோம் என்கிறாள் மகள்களிடம். நான் அரங்கில் செய்ததற்கு வைத்திருக்கும் நியாயமும் கிட்டத்தட்ட இதே. படம் அவளைத் தண்டிக்கிறது. ஆனாலும் அவள் சொன்னதில் பாதி உண்மை என்றுதான் எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

இன்னொரு காட்சியும் உண்டு. ஒரு பாதிரியார், சிறுமியிடம் பேசுவது உண்மையிலேயே இறந்துபோன தன் மனைவிதானா என்று கேள்வி கேட்டுச் சோதிக்கிறார். அந்தக் காட்சியில் எனக்கு நிபோங் தெபால் அம்மாளின் குரல்தான் கேட்டது. யாரும்மா வந்திருக்கீங்க, சொல்லுங்கம்மா. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஏதோ பதில் சொன்னாள், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில்தான் நான் மலாயில் கத்த ஆரம்பித்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்கும் கேட்டிருக்காது.

ஓரமாகக் கூப்பிட்டுப் பேசியபோது அந்த அம்மாள் இதைச் சொல்லவில்லை. சம்பந்தத்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் இரண்டில் எனக்குக் கனமாக இருப்பது இதுதான். அம்மனோ, மனசில் அடைத்துவைத்த எதுவோ, அந்தப் பெண்ணிடமிருந்து ஏதோ வெளியே வர நினைத்தது. வீட்டில் சாதாரணமாகச் சொல்ல முடியாததைப் பெண்கள் சாமியாடித்தான் சொல்ல முடிகிறது என்று என் பாட்டி சொல்வார். எங்கள் எஸ்டேட் கோயிலில் அப்படிக் கேட்ட வாக்கு பல வீடுகளில் குடிகாரக் கணவன்மாரை அடக்கியிருக்கிறது. அன்று அவள் என்ன சொல்லியிருப்பாள்?

மறுபக்கமும் இருக்கிறது. சம்பவ அறிக்கையில் நோய் என்ற கட்டத்தில் குறியிட்டு, லேசான வலிப்பு, ஆம்புலன்ஸ் மறுக்கப்பட்டது என்று எழுதினேன். அதைப் படித்த மேலிடம், வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும் காட்சிகள் உண்டு என்று டிக்கெட் கவுன்டரில் ஓர் எச்சரிக்கை ஒட்டச் சொன்னது. நான் நம்பாமல் சொன்ன ஒன்று அறிவிப்பாக ஒட்டப்பட்டதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அது வீண் எச்சரிக்கை இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் தொலைக்காட்சியில் ‘போக்கிமான்’ கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னி, அறுநூறுக்கு மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பிள்ளைகளை, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வலிப்பு என்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது மட்டும் இல்லை, நின்றபடியே முணுமுணுத்து, சுற்றி நடப்பது தெரியாமல் ஆடுகிற வகையும் உண்டு என்றும் தெரிந்துகொண்டேன். அப்படியானால் நான் தெரியாமலேயே உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும். அப்படி இருந்தால், மலையேறிவிட்டது என்று வீட்டுக்குப் போன பெண்ணை டாக்டரிடம் காட்டச் சொல்லி நான் இன்னும் ஒரு முறை வற்புறுத்தியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்ட வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அரங்கில் யாருக்காவது ஏதாவது ஆனால், ஒருவருக்கு உதவி தேவை என்று மட்டும் சொல்லுங்கள், காரணத்தை உங்கள் வாயால் சொல்லாதீர்கள் என்பேன். போன தடவை ஒரு பெண் கேட்டாள்: “காரணம் சொல்லலைன்னா போனை இறக்குவாங்களா பாஸ்?” இறக்க மாட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் கூட வந்தவர்களிடம் முதலில் கேள், அவர்கள் என்ன சொல்லச் சொல்கிறார்களோ அதையே சொல் என்றேன். அன்று அந்த அம்மாளிடம் அப்படிக் கேட்டிருந்தால், பதில் வருவதற்குள் அத்தனை கைப்பேசிகளிலும் அவள் முகம் பதிந்திருக்கும்.