அப்பா காரில் பி0171

அப்பாவின் காரில் செக் இன்ஜின் லைட் எரிவது இது மூன்றாவது முறை. முதல் முறை எரிந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஸ்கேனர் மாட்டினார்கள், பி0171 என்ற எரர் கோட் வந்தது. "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்று சொல்லி அதை மாற்றி, எரரை அழித்து அனுப்பினார்கள். பத்து நாளில் மறுபடி லைட். போய் அழித்துவிட்டு வந்தார். இப்போது மறுபடியும். "எரிஞ்சா எரியட்டும், வண்டி ஓடுதில்ல" என்று அவர் சொன்ன அன்றுதான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பி0171 என்பது சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லும் எரரே இல்லை. இன்ஜினுக்குள் போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, நானும் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டேன் என்று இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், சொல்வதுதான் அது. அந்தச் சேதியை இசியுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் இந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். சேதி கொண்டுவந்தவரை மாற்றினால் சேதி மாறிவிடுமா?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்தேன். எரரை அழிக்கவில்லை. முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேம் பார்த்தேன். எரர் பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று இசியு எடுத்து வைக்கும் ஒரு படம் மாதிரி அது. அவசரப்பட்டு எரரை அழித்தால் அந்தப் படமும் சேர்ந்து போய்விடும். இதில் 780 ஆர்பிஎம், இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது, வண்டியின் வேகம் பூஜ்யம். சிக்னலில் நின்றிருக்கும்போது பதிவானது.

அப்புறம் ஃப்யூல் ட்ரிம். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிட இசியு எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டும் எண். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு உண்டு, இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டபோது, ஷார்ட் டெர்ம் +9, லாங் டெர்ம் +17. மொத்தம் +26. மெதுவாக ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தேன். மொத்தம் +20 ஆனது, +12 ஆனது, கடைசியில் +7-இல் வந்து நின்றது.

இந்த ஒரு சோதனைக்காகவே ஸ்கேனர் வாங்கலாம் என்பேன். ஏர் ஃபில்டருக்கு அடுத்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் இந்தக் காரில் இருக்கிறது. அதைத் தாண்டி எங்கோ ஓட்டை இருந்தால், அந்த வழியாக நுழையும் காற்று அளவில் சேராது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏற ஏற மொத்தக் காற்று பெருகி அந்தப் பங்கு சிறுத்துவிடும். அதனால்தான் எண் இறங்கியது. தலைகீழாக, லோடு ஏறும்போது எண்ணும் ஏறியிருந்தால் ஃப்யூல் பம்ப், ஃப்யூல் ஃபில்டர், அழுக்கேறிய எம்ஏஎஃப் என்று அந்தப் பக்கம் போயிருப்பேன்.

சரி, ஓட்டை எங்கே? பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டேன். மேலே தெரிந்த ஹோஸ் எல்லாம் நன்றாகவே இருந்தன. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் பிசிவி வால்விலிருந்து, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போகும் ரப்பர் முழங்கை மட்டும் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. விரலை அடியில் கொடுத்துத் தடவினேன். வளைவின் உள்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதைக் கட்டைவிரலால் அமுக்கியதும் அதுவரை கவனிக்காத 'உஸ்' சத்தம் நின்றது. ஐடில் ஒரு குலுங்கு குலுங்கிச் சமமானது. இன்னொரு கையில் போன். ஷார்ட் டெர்ம் +9-லிருந்து விறுவிறுவென்று இறங்கி மைனஸுக்குப் போனது. விரலை எடுத்தேன், ஏறியது. வைத்தேன், இறங்கியது. அப்பாவைக் கூப்பிட்டு அவர் விரலாலும் அமுக்கச் சொல்லிக் காட்டினேன்.

உண்மையிலேயே சென்சார் பக்கம் குறை இருக்கும்போதும் இதே பொறுமை வேண்டும். நண்பன் காரில் பி0118, கூலன்ட் சூட்டைச் சொல்லும் சென்சார். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி காட்டியது. எந்த ஊரில் இன்ஜின் மைனஸ் 40-இல் ஓடும்? சர்க்யூட் எங்கோ திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தேன். எண் உச்சிக்குத் தாவியது. ஆக, ஒயரும் இசியுவும் சரி. சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தால் அதுவும் சரி. கனெக்டருக்குள் ஒரு பின் விரிந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. அதை நெருக்கி விட்டதோடு வேலை முடிந்தது. ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து சென்சார் எரர் வந்தால் ஒவ்வொரு சென்சாராகப் போகும் முன்பே இவற்றைப் பார்க்க வேண்டும்: பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர், அந்தச் சென்சார்களுக்கெல்லாம் பொதுவாகப் போகும் 5 வோல்ட்.

இன்னொன்று, லைட் நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் சோதனையெல்லாம் பிறகு. மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

அந்த ரப்பர் முழங்கையை மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. லாங் டெர்ம் +2-இல் நிற்கிறது, லைட் வரவில்லை. கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வைக்கும் பழக்கம் அப்பாவுக்கு உண்டு. அந்தப் பழைய ஆக்ஸிஜன் சென்சாரை நேற்று மாட்டி ஓட்டிப் பார்த்தேன். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது கெடவே இல்லை.