பூனையோடு நடப்பவர்கள்

லண்டன் கோவென்ட் கார்டன் பகுதியில் கிதார் வாசித்துப் பிழைத்துவந்த ஜேம்ஸ் போவெனின் தோளில் ஒரு செம்பழுப்புப் பூனை அமர்ந்திருக்கும் படத்தைப் பூனை வளர்ப்பவர்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். 2007ஆம் ஆண்டு, டாட்டன்ஹாமில் தாம் குடியிருந்த கட்டடத்தில் காயத்தோடு ஒண்டியிருந்த அந்தப் பூனைக்கு வைத்தியம் பார்த்து, குணமானதும் வெளியே விட்டுவிடத்தான் அவர் எண்ணியிருந்தார். பாப் என்று அவர் பெயரிட்ட அந்தப் பூனையோ அவரைப் பின்தொடர்ந்து வந்து, ஒருநாள் அவர் சென்ற பேருந்திலேயே ஏறிக்கொண்டது. பிறகு ஏஞ்சல் சுரங்க ரயில் நிலைய வாசலில் அவர் ‘பிக் இஷ்யூ’ பத்திரிகை விற்றபோதும் பாப் உடனிருந்தது. பாப்பின் புகழைவிட, உடன் வருவதென்று முதலில் முடிவு செய்தது பூனைதான் என்பதே என்னை மிகவும் கவர்கிறது.

நாயின் முன்னோர் கூட்டமாக வேட்டையாடியவர்கள். ஒருவர் பின்னால் ஒருவர் செல்வது அவர்களுக்குப் பழக்கம். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையோ தனித்து வேட்டையாடும் விலங்கு. அதன் வழிவந்த பூனைக்கு யார் பின்னாலும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. தான் அறிந்த இடமே அதற்குப் பெரிய பாதுகாப்பு. அப்படியிருந்தும் அது நம்மோடு தெருவில் இறங்குகிறதென்றால், அதற்கு நம்மை அவ்வளவு பிடித்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

வெயில் தாழ்ந்தபின் நான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டுச் செம்பி வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். நேராக நடப்பது அதன் வழக்கமன்று. ஒவ்வொரு கேட்டின் கம்பியிலும் கன்னத்தை உரசித் தன் வாசனையைப் பதித்துவிட்டு, நின்றிருக்கும் கார்களுக்கு அடியில் புகுந்து, நான் நாலைந்து வீடு தாண்டிய பிறகு ஓடிவந்து காலடியில் சேர்ந்துகொள்ளும். தெருமுனை மின்கம்பம் வரைதான் வரும். அதற்கு அப்பால் வேறொரு கடுவனின் ஆட்சி என்பதால் அங்கேயே உட்கார்ந்து, நீட்டி முழக்கி என்னைக் கூப்பிடும். அந்த எல்லையைத் தாண்டச் சொல்லி நான் வற்புறுத்துவதே இல்லை. அது முகரும் இடத்தில் நாமும் நின்று, அது திரும்பும்போது நாமும் திரும்பத் தயாராக இருந்தால் மட்டுமே பூனையோடு நடக்க முடியும்.

வாகனங்கள் ஓடும் சாலைக்குக் கொண்டுபோக விரும்புவோர் கழுத்துப்பட்டையை நம்பக் கூடாது. நெஞ்சையும் தோளையும் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டைதான் வேண்டும். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் தசைக்குள் மிதப்பதால், தலை நுழையும் அளவு இடம் கிடைத்தாலே பெரும்பாலும் உடலையும் ஒடுக்கி உருவிக்கொண்டு போய்விடும். பழகிய பாப் கூட ஒருமுறை லண்டனின் பிக்காடில்லி சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பின் அருகே வேடமிட்ட ஒருவரைக் கண்டு மிரண்டு கூட்டத்துக்குள் ஓடிவிட்டது. முதலில் வார்ப்பட்டையை வீட்டுக்குள்ளேயே அணிவித்து, அதோடு சாப்பிடவும் விளையாடவும் பழகிய பிறகே வாசற்படியைத் தாண்ட வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி போடாமல் வெளியே அழைத்துச் செல்லவே கூடாது. நம் ஊர்க் கோடையில் தார்ச்சாலை மாலை வரை கொதிக்கும். புறங்கையை வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும் என்று திரும்பிவிடுவது நல்லது.

ஒளிந்துகொள்ள ஒரு பை உடனிருப்பதும் அவசியம். 2018 டிசம்பரில் போஸ்னிய மலைச்சாலையில் குட்டியாகக் கிடைத்த நலா என்ற பூனையை ஸ்காட்லாந்துக்காரரான டீன் நிக்கல்சன், தம் சைக்கிளின் முன்பையில் உட்காரவைத்தே நாடு நாடாக அழைத்துச் சென்றார். குட்டியிலேயே தொடங்கியதால் நலாவுக்கு அந்தப் பையே வீடாகிவிட்டது. வளர்ந்த பூனையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. வாசலுக்கு வந்ததும் காதை மடக்கி, வயிறு தரையில் படப் பதுங்கும் பூனையை அதன் போக்கில் விட்டுவிட்டு, தெருவைப் பார்த்தபடி படுத்துக்கொள்ள ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தால் போதும்.