டின் இறைச்சியில் காரமான ஃப்ரைடு ரைஸ்: டின் வாங்கப் பட்ட பாடும் செய்த விதமும்

சமைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் நல்ல டின் ஒன்று என் கைக்கு வர நாள்கணக்கில் இழுத்தது. இன்னும் கோபம் தணியவில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் தண்ணீர் வடிவதற்குள் பால் பாக்கெட்டுக்கே அலைய வேண்டியிருந்தது. கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜில் இருந்த கோழிக்கறி அப்படியே வீணானது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே டின் சாமான்கள் கொஞ்சம் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவோம். இந்த முறை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி போனில், "சிக்கன் லஞ்சன் மீட் வாங்குக்கா. சின்னச் சின்னதா வெட்டி மொறுமொறுன்னு வறுத்து, காரமா ஃப்ரைடு ரைஸ் பண்ணு" என்றான். அரைத்த இறைச்சியை வேகவைத்துக் கட்டியாக டின்னில் அடைத்ததுதான் லஞ்சன் மீட். வீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் ஆப்பில் 340 கிராம் டின் ஆர்டர் போட்டேன்.

வந்த டின்னில் மேல் விளிம்பு, அதாவது மூடியும் உடலும் சேரும் மடிப்பு, நன்றாக உள்வாங்கியிருந்தது. டின்னின் வயிற்றுப் பக்கம் லேசாக ஒடுங்கியிருந்தால் பரவாயில்லை. மடிப்பில் அடிபட்டிருந்தால் காற்றும் கிருமியும் உள்ளே போக வழி கிடைத்துவிடும். அதை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "உள்ள ஒண்ணும் ஆயிருக்காது மேடம். திறந்து பாருங்க, நாத்தம் அடிச்சா கொண்டு வாங்க."

இந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட டின்னில் வளரக்கூடிய பாட்டுலினம் கிருமியின் நச்சுக்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று சாப்பாட்டுப் பொருள் விற்கிற ஒருவர் சொல்லலாமா? அதற்கப்புறம் ஆப்பில் வாங்கியதை ஆப்பில்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆப்பில் தேடினால் உணவுப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்று வந்தது. மறுபடி கடைக்குப் போனால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், பில்லைப் பிரிண்ட் எடுத்து வாருங்கள் என்றார்கள். வெயிலில் ஜெராக்ஸ் கடை தேடிப் போய்ப் பிரிண்ட் எடுத்து வந்தேன். கடைசியில் மேனேஜர் முன்னாலேயே போனை எடுத்து, "1915க்கு, நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் பேசறேன் சார். டின் போட்டோவும் பில்லும் என்கிட்ட இருக்கு" என்றேன். அடுத்த நிமிஷமே வேறு டின் வந்தது.

அதை அங்கேயே திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் பாருங்கள். மடிப்பில் நசுங்கல், துரு, கசிவு எதுவும் இருக்கக் கூடாது. மூடி கொஞ்சம் உப்பியிருந்தாலும் தொடாதீர்கள். வெளிநாட்டு டின் என்றால் இறக்குமதியாளரின் முகவரியும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தந்த உரிம எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் கம்பெனி அச்சடித்த தேதியை மறைத்திருந்தால் வேறு டின் கேளுங்கள். லஞ்சன் மீட் பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்வது, ஆகவே வீட்டில் சாப்பிடாதவர்கள் இருந்தால் லேபிளை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இனி சமையல். சோறு உதிரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. குக்கர் சோறு குழைந்துவிடுகிறது. நான் பொன்னி அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, ஒரு பதம் முன்பே வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டேன். முதல் நாளே வடித்து வைப்பதானால் ஆறியவுடன் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கரண்ட் இல்லாத நாளில் அன்றைக்கு வடித்த சோறுதான்.

காரத்துக்கு சாஸ் பாட்டில் எதுவும் வேண்டாம். சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்கு வறமிளகாயும் பூண்டும் சேர்ந்தால் என்ன ருசி என்று தெரியும். நான்கு பேருக்குப் பத்து வற்றல் மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டும் ஒரு ஸ்பூன் வினிகரும் சேர்த்து நைசாக அரைத்தேன்.

டின்னைச் சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திறந்தால் இறைச்சி நொறுங்காமல் வெட்ட வரும். சிறு சதுரங்களாக வெட்டி, சூடான இரும்புக் கடாயில் எண்ணெயே விடாமல் போட்டேன். அதிலுள்ள கொழுப்பே உருகி வரும். உடனே கிளறாதீர்கள், அடிப்பக்கம் சிவந்த பிறகு புரட்டுங்கள். அது மொறுமொறுப்பானதும் எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து வெங்காயம், பிறகு மிளகாய் விழுது. விழுதின் பச்சை வாடை போய் எண்ணெய் பிரிகிற வரை அவசரப்படக் கூடாது. இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து, சோற்றைக் கொட்டி, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ் விட்டு, அடுப்பை முழு வேகத்தில் வைத்துப் புரட்டினேன். வறுத்த இறைச்சியைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும்.

உப்பு மட்டும் போடவே போடாதீர்கள். என் டின்னில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் சோடியம் என்று அச்சாகியிருந்தது. கணக்குப் போட்டால் டின் முழுவதிலும் ஏழரை கிராமுக்கு மேல் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோறு வடிக்கும்போதும் உப்பில்லை, சோயா சாஸும் ஒரே ஒரு டீஸ்பூன்தான். அதற்கே உப்பு சரியாக இருந்தது. உப்புக் குறைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்கு இது தேவையில்லை, அவர்களுக்கு முட்டை மட்டும் போட்டுத் தனியாகக் கிளறிக் கொடுத்துவிடலாம்.

இறக்கும்போது மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் தூவினேன். காரம் உச்சிக்கு ஏறியது, ஆனாலும் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அதுவே போதும். இறைச்சி மிச்சமானால் டின்னோடு வைக்காமல் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். அலமாரிக்குப் போகும் டின்களோடு பில்லையும் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.