பரண்மேல் கிடந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை வாங்கிய நிலைக்கே திருப்பியது

வீட்டில் நல்ல ஸ்கேனர் ஒன்று சும்மா கிடந்தது. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் 32 பிட் விண்டோஸ் 7-க்குப் பிறகு வரவே இல்லை. அதற்காகத்தான் 2010-இல் வாங்கிய டெஸ்க்டாப்பைப் பரணிலிருந்து இறக்கினேன்.

ஆன் செய்ததும் நீலத் திரை, 7பி என்ற எரர். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கடிகாரமும் பல வருடம் பின்னால் போயிருந்ததால் மதர்போர்டு பேட்டரி மேல் சந்தேகம் வந்தது. அது தீர்ந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் டீஃபால்ட்டுக்குப் போய்விடும். இதில் ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட், ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருந்தது; அதனால்தான் விண்டோஸால் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரி ஒன்றைப் போட்டு, மோடையும் தேதியையும் சரிசெய்ததும் விண்டோஸ் எழுந்தது. உள்ளே ஒரே குப்பை, அது வேறு விஷயம்.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போடச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை; கம்பெனி தந்த ஃபைல்களை வைத்தே பழைய நிலைக்குத் திருப்ப (ரீஸ்டோர்) முடிவு செய்தேன். கம்பெனி நிறுவித் தந்த விண்டோஸ் 7, பயாஸில் உள்ள ஓஇஎம் (தயாரிப்பு நிறுவன) தகவலைப் பார்த்து இணையம் இல்லாமலேயே ஆக்டிவேட் ஆகிவிடும். புதிதாகப் போட்டால் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள ப்ராடக்ட் கீயை (உரிம எண்ணை) அடிக்க வேண்டும். என் ஸ்டிக்கரில் பாதி எழுத்து அழிந்தே போயிருந்தது.

ரீஸ்டோருக்கான ஃபைல்கள் அதே டிஸ்க்கில் ஒரு மறைவான பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் தனிப் பகுதியில்) தான் இருக்கும். டிஸ்க் பாதியில் படுத்தால் விண்டோஸும் அந்த ஃபைல்களும் சேர்ந்து போகும். அதனால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பார்த்தேன். பிறகு டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஜில்லா என்ற மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முழு டிஸ்க்கையும் வெளி டிஸ்க்கில் இமேஜாக (அப்படியே ஒரு நகலாக) எடுத்துக்கொண்டேன். மொத்த வேலையிலும் அதிக நேரம் பிடித்தது இதுதான். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

ரீஸ்டோர் சப்பென்று முடிந்தது. ஆன் செய்யும்போது அழுத்த வேண்டிய கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: எச்பி என்றால் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், ஆசஸில் எஃப்9. யுஎஸ்பி கீபோர்டு அந்த நேரத்தில் வேலை செய்யாவிட்டால் வட்டமான முனை கொண்ட பழைய பிஎஸ்2 கீபோர்டை மாட்டிப் பாருங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பம். ஃபேக்டரி நிலை என்றால் 2010-இன் நிலை. செத்துப்போன டூல்பார்கள் திரும்பி வந்தன. ஆன்டிவைரஸ் ஒன்று இன்றுமுதல் இலவச சோதனைக் காலம் என்று அறிவித்தது! அவற்றை நீக்கிவிட்டு அப்டேட் போட்டால் 80072இஎஃப்இ என்ற எரர்தான் வந்தது. அப்டேட் அசலானதா என்று சரிபார்க்க உதவும் டிஜிட்டல் கையொப்பத்தை மைக்ரோசாஃப்ட் 2019-இல் ஷா-2 என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டது. பழைய விண்டோஸ் 7-க்கு அது புரியாது. ஆகவே வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து தேவையான அப்டேட்களை இறக்கி, சர்வீஸ் பேக் 1, கேபி4490628, கேபி4474419 என்ற வரிசையிலேயே போட்டேன். அதற்குப் பிறகுதான் அப்டேட் நகர்ந்தது.

2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. இதில் நெட் பேங்கிங் பக்கமே போகக் கூடாது. ஸ்கேனர் டிரைவரைப் போட்டதும் இன்னொரு இமேஜ் எடுத்துவிட்டு நெட் கேபிளைக் கழற்றிவிட்டேன். ஸ்கேன் செய்த படங்கள் பென் டிரைவில் போகின்றன. பழைய நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்யலாமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.